குழவியில் கட்டிய படகு

என் மாமாவுக்குக் கட்டத் தெரியும், அவிழ்க்கத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சவூதியில் அவர் பார்த்த வேலையே அதுதான். பெரிய பெரிய லாரிகளில் இரும்புக் குழாய்களையும் மரப்பெட்டிகளையும் அடுக்கி, வழியில் ஒன்றுகூட உருளாதபடி கயிறு போட்டு இறுக்க வேண்டும். அவிழ்ப்பதெல்லாம் லாரி போய்ச் சேருகிற ஊரில் வேறு யாரோ பார்க்கிற வேலை. அதனால் மாமா விடுமுறைக்குக் கொண்டுவருகிற அட்டைப்பெட்டிகளைப் பிரிக்க எங்கள் வீட்டில் அரிவாள்மனையை எடுத்தாக வேண்டும். உம்மா பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து கயிற்றை அறுத்தபடி, "ஏலே, உள்ள என்ன சிங்கத்தையா அடைச்சுக் கொண்டாந்திருக்க?" என்பாள். மாமாவுக்கு அது பாராட்டு.

எனக்கு ஒன்பது வயதான வருடம், அந்தப் பெட்டிக்குள் படகு இருந்தது.

படகு என்றால் நீங்கள் நினைக்கிற படகு இல்லை. இரண்டு நீளமான ரப்பர்க் குழல்கள். காலால் மிதிக்கிற பம்பில் காற்றடித்தால் ஆளை விட நீளமாக உப்பிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஓர் இரும்புச் சட்டம், சட்டத்தின் நடுவில் ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் துடுப்பு. கீழே தட்டு கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டால் தண்ணீரைத் தொடும். அங்கே மாமாவின் முதலாளி கடலில் மீன் பிடிக்க வாங்கி, அலுத்துப்போய் மூலையில் போட்டு வைத்திருந்ததாம். மாமா கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிட்டார். அதோடு வந்த நங்கூரத்தை, பெட்டியின் எடை கூடிவிட்டது என்று மாமா அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் தெருவே வந்து அதைப் பார்த்தது. மில்லில் முதல் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த வாப்பா, கைலிக்கு மாறாமலே அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். "மச்சான், இதுல ஒக்காந்து ஆத்துக்கு நடுவுல சவரம் பண்ணலாம் போலருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் மாமா ஒரு பலகையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அது யாருக்கு என்று கேட்டதற்கு, "என் மருமவளுக்குத்தான்" என்றார்.

நான் பயந்தாங்கொள்ளி. அதிலும் ஆறு என்றால் கூடுதல் பயம். படித்துறையில் மார்பளவுத் தண்ணீருக்கு மேல் போனதில்லை, நீந்தவும் தெரியாது. ஆற்றின் ஆழமான இடத்தை எங்கள் பக்கம் கசம் என்போம். கசத்துக்குள் கால் வைத்தால் அடியிலிருந்து ஒரு கை இழுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். நான் வர மாட்டேன் என்றால் அந்தப் பலகையில் நாலு வயதுத் தம்பி ஏறிவிடுவான். ஏறியதை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான். கசத்துக் கையை விடத் தம்பியின் வாய்க்கு அதிகம் பயந்து நான் சரி என்றேன்.

மறுநாள் வாப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட். மத்தியானச் சோறு முடிந்து அவர் மில்லுக்குக் கிளம்பியதும் மாமா, உம்மா, நான், தம்பி நாலு பேரும் ஆட்டோவில் படகை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். நங்கூரத்துக்கு மாமா எங்கள் புறவாசலில் வழி கண்டுபிடித்திருந்தார். கிரைண்டர் வாங்கிய பிறகு ஆட்டுரல் சும்மாதான் கிடந்தது. அதன் குழவியைத் தூக்கி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, தரையில் போட்டு உருட்டிக் காட்டினார். கட்டு அசையவில்லை. உம்மா மட்டும், "மாவாட்டுன கல்ல ஆத்துல போடப்போறான் பாரு" என்று முணுமுணுத்தாள்.

கரையில் இறங்கியதும் உம்மா ஆற்றைப் பார்த்துவிட்டு மாமாவிடம், "தம்பி, சாயங்காலம் பவர் ஹவுஸ்ல தண்ணி விடுவாங்க. ஆறு கூடும். அதுக்குள்ள கரையேறிரு" என்றாள்.

உம்மாவும் மாமாவும் பிறந்தது மேலப்பாளையத்தில். கலியாணமாகி வந்த உம்மாவுக்கு இந்த ஆற்றின் குணம் பழகிவிட்டது. மேலே மின்சாரம் எடுக்கிறபோதெல்லாம் இங்கே துணி துவைக்கிற கல் முங்கும். அது தெரியாமல் எங்கள் ஊர்ப் பெண்கள் ஆற்றில் துணி நனைக்க மாட்டார்கள். மாமா அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "தண்ணி கூடுனா படகு போயிரும்னுதான லாத்தா பயப்படுத? போகாம இருக்கத்தான நங்கூரம் போடுதேன்."

கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் தைரியமாக இருந்தது. மாமா கட்டினால் அசையாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

படகோடு ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை வந்திருந்தது. பெரிய ஆளுக்கானது. எனக்குப் போட்டுப் பார்த்தபோது தலைவழியே கழன்று வந்தது. தம்பி அதைப் பிடுங்கி மணலில் விரித்துப் படுத்துக்கொண்டான். உம்மா என் தலையில் கை வைத்து, "பிஸ்மி சொல்லி ஏறு" என்றாள். ஏறி, பலகையில் கால் இரண்டையும் மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டேன். ஒரு விரல்கூடத் தண்ணீர்ப் பக்கம் நீட்டவில்லை.

கசத்தின் தலைப்பில், மேலிருந்து ஓட்டம் வந்து விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் மாமா படகை நிறுத்தினார். அங்கேதான் கெண்டை மேயும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். குழவியை இறக்கினார். கயிறு கொஞ்ச தூரம் ஓடி, கீழே கல்லில் தட்டி நின்றது. கயிற்றைத் தளர விட்டால் படகு ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியது. தூண்டில் போட முடியவில்லை. அதனால் கயிற்றை விறைப்பாக இழுத்து, தன் கைக்கு எட்டுகிற இடத்தில், நாற்காலிக்கு இடப் பக்கத்துச் சட்டத்தில் சுற்றி இறுக்கினார். படகு குறுக்காகத் திரும்பி, ஓட்டத்துக்குத் தன் விலாவைக் காட்டிக்கொண்டு ஆணி அடித்த மாதிரி நின்றது. மிச்சக் கயிறு ஒரு கத்தை இருந்தது. சுமை கட்டுகிறவனுக்கு மிச்சம் தொங்கினால் ஆகாது. சக்கரத்தில் மாட்டும், ஆளை இழுக்கும். வேலைப் பழக்கத்தில் மாமா கத்தியை எடுத்துக் கயிற்றை முடிச்சோடு ஒட்ட அறுத்து, லைட்டரால் முனையைப் பொசுக்கினார். அறுத்த கத்தை ஆற்றோடு போயிற்று. "இனி யானை வந்து இழுத்தாலும் வராது" என்றார்.

கொஞ்ச நேரத்தில் தம்பி கரையில் அழ ஆரம்பித்தான். மாங்காய் வேண்டும். மாங்காய் இருந்தது, நறுக்கக் கத்தி இல்லை. உம்மா கையைத் தட்டிக் கூப்பிட்டாள். மாமா கத்தியை உறையில் போட்டுத் தூக்கி எறிந்தார். அது சரியாக உம்மாவின் காலடி மணலில் போய் விழுந்தது. குறி தப்பாததற்கு நான் கைதட்டினேன்.

மீன் கடிக்கவே இல்லை. வெயில் சாய்ந்தது. எங்களுக்கு நேரே மேல்பக்கம் ஒரு பாறையில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. பயத்தை மறக்க நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அந்தப் பாறை ஒரு பாய் அகலம் இருந்தது. பிறகு தலையணை அளவு ஆயிற்று. பிறகு காகம் பறந்து போயிற்று.

"மாமா, பாறையக் காணோம்."

"பேசாத மருமவளே. கடிக்கிற நேரம்."

ஆற்றின் சத்தம் மாறியது. அதுவரை சலசலவென்று இருந்தது, இப்போது அடித்தொண்டையில் உறுமத் தொடங்கியது. இடப் பக்கத்து ரப்பர்க் குழல் மெல்லத் தாழ்வதை என் பலகையில்தான் முதலில் உணர்ந்தேன். சம்மணம் போட்ட எனக்கு ஒரு பக்கம் சரிந்தது. கையை ஊன்றினேன். ஊன்றிய கை நனைந்தது.

எல்லாப் படகும் தண்ணீர் ஏறினால் கூடவே ஏறும். எங்கள் படகு ஏறவில்லை. ஏற மாமா இடம் வைக்கவில்லை. கயிறு ஒரு சாண்கூடக் கொடுக்காமல் அதைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தது, ஆறு மேலே வந்துகொண்டிருந்தது. ஓட்டம் வந்து அந்தத் தாழ்ந்த குழலில் மோதி, அதன் முதுகில் ஏறி, மாமாவின் மடியில் கொட்டியது.

மாமா தூண்டிலைப் போட்டுவிட்டு முடிச்சில் கை வைத்தார். நகத்தால் நெம்பினார். நனைந்த நைலான் கல்லாகியிருந்தது. குனிந்து பல்லால் கடித்தார். பிறகு குழவியையே தூக்கிவிடலாம் என்று கயிற்றைப் பிடித்து இழுத்தார். குழவி இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கியிருந்தது போலும், அது வரவில்லை. அவர் இழுக்க இழுக்கப் படகுதான் இன்னும் சாய்ந்தது. நான் அலறிவிட்டேன். என் அலறலைக் கேட்டு உம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"கயித்த அறுலே! ஏலே, அறுத்து விடு!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே தன் கையைப் பார்த்தாள். மாங்காய்ச் சாறு வழிகிற கத்தி உறையில்லாமல் அவள் கையில் இருந்தது.

அவள் அதை எறியக் கையை ஓங்கினாள். மாமா, "எறியாத லாத்தா, புள்ள இருக்கு!" என்று கத்தினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. இடையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் பழுப்பு நிறத்தில் சருகும் நுரையுமாகப் போயிற்று. உம்மா பர்தாவோடு இறங்கி இடுப்பளவு வந்தாள். ஓட்டம் தள்ளி, விழுந்து, எழுந்து, கரைக்கே திரும்பினாள். தம்பி மிதவைச் சட்டையின் மேல் உட்கார்ந்து மாங்காய் தின்றபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கசத்துக் கை என்று நான் நினைத்தது இதுதான் என்று தோன்றியது. அது கயிற்றைப் பிடித்திருக்கிறது, கயிற்றை முடித்துவிட்டு என்னைப் பிடிக்கும். மாமா என்னைத் தூக்கி உயர்ந்திருந்த வலப் பக்கத்துக் குழலின் மேல் குப்புறப் போட்டார். சட்டத்தின் கம்பியை என் இரண்டு கையிலும் பிடிக்க வைத்தார். அவர் முகம் எனக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. உதட்டில் நைலான் கிழித்த ரத்தம்.

"ஓதுற பள்ளியில கலிமா படிச்சிருக்கேல்லா?"

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் கேட்டால் சொல்ல வேண்டும். "அஞ்சும் தெரியும் மாமா" என்றேன்.

"மொதல் கலிமா போதும். சத்தமா சொல்லு. நான் மேல வார வரைக்கும் சொல்லு. நிறுத்தாம சொல்லு."

அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை என்று தொடங்குகிற முதல் கலிமா தம்பிக்கே தெரியும். ஐந்தாவதைத் தட்டாமல் சொல்லி உஸ்தாதிடம் பேர் வாங்கியவளிடம் போய் முதல் கலிமாவா என்று எனக்கு ஒரு மனத்தாங்கல்கூட வந்தது. மாமா என் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தார். அவருடைய உதடும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு சட்டையைக் கழற்றாமலே தண்ணீருக்குள் நழுவினார். கயிற்றைப் பிடித்துக் கையால் இறங்குவது தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

நான் கலிமா சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். ஓதுற பள்ளியில் கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்று சொல்வதுபோல ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டிச் சொன்னேன். வேடிக்கை என்னவென்றால், அதோடு என் பயம் போய்விட்டது. பெரியவர்கள் ஒரு வேலை கொடுத்தால் ஆபத்து அவ்வளவு பெரிதில்லை என்றுதானே அர்த்தம்? நான் நிறுத்தாமல் சொன்னால் மாமா வந்துவிடுவார். அப்படித்தான் அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டேன்.

கரையில் உம்மா இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தாள். என் குரல் அவள் காதில் விழுந்தபோது கத்தல் சட்டென்று நின்றது. அவள் கையிலிருந்து கத்தி விழுந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். நான் இவ்வளவு நன்றாகச் சொல்கிறேன், உம்மா ஏன் இப்படிச் செய்கிறாள் என்று குழம்பினேன். ஒருவேளை உச்சரிப்பு சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னும் குரலை உயர்த்தினேன். அவள் மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சொல்லிக்கொண்டே இருந்தேன். நாற்காலியின் கைப்பிடி தண்ணீருக்குள் போயிற்று. என் பலகை போயிற்று. நான் படுத்திருந்த குழல் செங்குத்தாக எழுந்தது. என் வாய்க்குள் தண்ணீர் வந்தது, துப்பிவிட்டுச் சொன்னேன்.

கீழே எங்கோ ஏதோ புரண்டது. படகு ஒரு முறை உதறி, படாரென்று தட்டையாக விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டத்தோடு போகத் தொடங்கியது. குழவி அடியில் கல்லுக்குக் கல் இடித்துக்கொண்டே வருவது சட்டத்தில் அதிர்ந்தது. மாமாவைக் காணோம். வந்துவிட்டால் நிறுத்தலாம், வரவில்லை, அதனால் நிறுத்தாமல் சொன்னேன். ஆறு வளைகிற இடத்தில் கோரைப்புல் மண்டிய ஆழமில்லாத கரை ஒன்று உண்டு. படகு அதில் போய்ச் சொருகியபோது, கரையோடு ஓடிவந்திருந்த உம்மா முட்டளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பிடுங்கி எடுத்தாள். முதலில் கன்னத்தில் ஓர் அறை. பிறகு மூச்சு முட்டுகிற இறுக்கு. அந்த இறுக்கிலும் நான் கலிமா சொல்வதைக் கேட்டு, "போதும்ளா, நிறுத்து, நிறுத்து" என்று என் வாயைப் பொத்தினாள்.

"மாமா இன்னும் வரலியே" என்றேன்.

மாமா எங்களுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கல்லைப் பிடித்தபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கை விரல்களிலும் தோல் உரிந்து தொங்கியது. குழவியைக் கல்லிடுக்கிலிருந்து நெம்பித் தள்ளிவிட்டு, மேலே வரும்போது ஓட்டம் அவரையும் புரட்டியிருந்தது. கரையேறி வந்தவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உம்மா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. வழக்கமாக அவரைத் திட்டாமல் அவளுக்குத் தண்ணீர் இறங்காது. எனக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

அன்றே அந்தக் கயிற்றை அறுத்தார்கள். குழவி ஆற்றோடு நின்றுவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்த வாப்பாவிடம் உம்மா, "கொழவி ஆத்துல போச்சு" என்று மட்டும் சொன்னாள். "மாவாட்டுற கல்ல ஏன் ஆத்துக்குக் கொண்டுபோனீங்க?" என்றார் வாப்பா.

அடுத்த விடுமுறையிலும் மாமா மீன் பிடிக்கப் போனார். இந்த முறை நங்கூரக் கயிறு படகின் மூக்கில் கட்டியிருந்தது. ஆழத்தைப் போலப் பல மடங்கு நீளம் விட்டிருந்தார். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. கழுத்தில் தாயத்து மாதிரி ஒரு கத்தி. மிதவைச் சட்டையைக் கரையிலேயே போட்டுக்கொண்டு இறங்கினார். படகை எப்படிக் கட்ட வேண்டும் என்று கலியாண வீடுகளில் பிறருக்கு வகுப்பும் எடுத்தார், ஏதோ பிறந்ததிலிருந்தே தெரிந்த மாதிரி. கேட்டுக்கொண்டிருக்கும் உம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள். நான் மட்டும் அதற்குப் பிறகு ஆற்றில் கால் வைத்ததில்லை. இன்றைக்கும் ஒரு துணி மூட்டை கட்டினாலும் முனையை நீளமாகத் தொங்கவிட்டுத்தான் கட்டுவேன்.

போன வருடம் வாப்பாவைத் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். வெயில் ஏறிய ஒரு காலையில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சொந்தக்காரர்கள் எல்லோரும் உள்ளே வரலாம் என்றார். வாப்பாவுக்குக் கண் திறக்கவில்லை. உம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி துபாயிலிருந்து வந்துகொண்டிருந்தான். மாமா கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, விரல்களில் அந்தத் தழும்பு இன்னும் உண்டு.

"மருமவளே, காதுகிட்டப் போய் கலிமா சொல்லு. சத்தமா சொல்லு. நிறுத்தாம சொல்லு."

உயிர் பிரிகிற நேரத்தில் காதில் அதுதான் விழ வேண்டும், முடிந்தால் நாவில் அதுதான் இருக்க வேண்டும் என்பது எங்களில் யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம். எத்தனையோ மவுத்து வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தேன். வாப்பாவின் காதருகே குனிந்தவள் அப்படியே தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தேன். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். கட்டிலின் அந்த முனையிலிருந்து உம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். கரையில் அவள் ஏன் மணலில் முகத்தைப் புதைத்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆற்றில் அந்தச் சாயங்காலம் முழுக்க நான் பயந்துகொண்டே இருந்தேன். பயப்படாமல் இருந்தது கலிமா சொன்ன அந்தக் கொஞ்ச நேரம்தான். மாமா திரும்பி வருவதற்காக நான் அதைச் சொல்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் என்னை வழியனுப்பிவிட்டுத்தான் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறார்.

நான் குனிந்து வாப்பாவின் காதில் சொல்லத் தொடங்கினேன். என் வாயைப் பொத்த இந்த முறை யாரும் வரவில்லை.